கோபமும் கண்ணீரும் சொல்ல வருவது என்ன? – வாசகர் கேள்வி பதில்

வேலையிடத்திலும் வீட்டிலும் உணர்வுகளைக் கையாளுவது குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் உணர்வுசார் நுண்ணறிவு (எமோஷனல் இன்டெலிஜென்ஸ்) பற்றி ஒரு பயிலரங்கு நடந்தது. வாழ்க்கையில் வெற்றிபெற 20 சதவீதம்தான் படிப்பறிவு, மீதி 80 சதவீதம் உணர்வுசார் நுண்ணறிவு என்றார் பேச்சாளர். இது உண்மையா? இணையத்தில் கிடைக்கும் தேர்வுகளை எழுதி நம் அளவைத் தெரிந்துகொள்ள முடியுமா?
— கல்லூரி மாணவி, மதுரை

அந்தக் கணக்கு தவறானது. எனினும் அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், தவறு நேர்ந்த இடம் விளங்கும். யேல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் சாலவேயும் நியூ ஹாம்ஷயர் பல்கலைக்கழகத்தின் ஜான் மேயரும் 1990-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்தக் கருத்துக்கு முறையான வரையறை தந்தது. அதை உலகெங்கும் கொண்டுசென்றது டேனியல் கோல்மன் 1995-இல் வெளியிட்ட நூல். ஒருவர் வாழ்வில் அடையும் நிலைக்கு ஐ.க்யூ. எனப்படும் நுண்ணறிவு ஈவின் பங்கு அதிகம்போனால் 20 சதவீதம் என்று கோல்மன் அதில் எழுதினார். எஞ்சிய 80 சதவீதத்தில் பிறந்த குடும்பத்தின் நிலையிலிருந்து அதிர்ஷ்டம் வரை எத்தனையோ காரணங்கள் அடங்கும். அவை அனைத்தையும் உணர்வுசார் நுண்ணறிவின் பெயரில் வரவு வைத்தது பின்னால் வந்தவர்கள் செய்த பிழை. அப்படிப் பொருள்கொள்வதைக் கோல்மனே மறுத்திருக்கிறார்.

மேயரும் சாலவேயும் சொன்னது இதைவிட அடக்கமானது. தன்னிடமும் பிறரிடமும் எழும் உணர்வை அடையாளம் காணுதல், அதைச் சிந்தனைக்குத் துணையாகக் கொள்ளுதல், அது எதனால் எழுந்தது, எப்படி மாறும் என்று விளங்கிக்கொள்ளுதல், அதன் பிறகு அதைக் கையாளுதல் ஆகிய நான்கு திறன்களையே அவர்கள் குறிப்பிட்டார்கள். எப்போதும் சிரித்த முகமாக இருப்பதும், யாரிடமும் மறுத்துப் பேசாமல் இருப்பதும் இந்த வரையறையில் எங்கும் இல்லை. நல்ல குணமும் இதில் தானாகச் சேர்ந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போலீஸ் அதிகாரி என்று வீடியோ அழைப்பில் வந்து, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடிக்காரர், எதிரில் இருப்பவரின் அச்சத்தை மிக நுட்பமாகப் படிக்கத் தெரிந்தவரே.

இணையத் தேர்வுகளில் பெரும்பாலானவை, ‘நான் பிறர் மனத்தைப் புரிந்துகொள்கிறேன்’ என்பது போன்ற கூற்றுகளுக்கு நீங்களே உங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. தன்னைப் பற்றிச் சரியாக அறியாதவர் அங்கே உயர்ந்த மதிப்பெண் பெறுவது எளிது. உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், உங்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழியிடம் கேளுங்கள்.

கேள்வி: பனியன் ஏற்றுமதி கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் என்னையறியாமல் டெய்லர்களிடம் கத்திவிடுகிறேன். போன வாரம் ஒரு பெண் டெய்லரை எல்லோர் முன்னிலையிலும் திட்டினேன். அவர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. கோபத்தை அடக்க வழி சொல்லுங்கள்.
— வாசகர், திருப்பூர்

அடக்குவதற்கு வழி கேட்கிறீர்கள். அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸ் 1990-களில் செய்த சோதனைகளில், மனத்தைச் சங்கடப்படுத்தும் படக்காட்சிகளைச் சிலருக்குக் காட்டி, உள்ளே எழும் உணர்வு முகத்தில் தெரியாதபடி மறைக்கச் சொன்னார்கள். முகம் அசையவில்லை, ஆனால் உடலின் உள்ளே இதயமும் இரத்த நாளங்களும் மறைக்காதவர்களைவிட அதிகமாகக் கிளர்ந்திருந்தன. பின்னர் நடந்த இன்னொரு சோதனையில், உணர்வை மறைத்துக்கொண்டு பேசியவரின் எதிரே அமர்ந்து உரையாடியவருக்கும் இரத்த அழுத்தம் உயர்ந்தது தெரியவந்தது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு லைனில் நடப்பதால் உங்கள் உடலுக்கும் நன்மையில்லை, உங்களைப் பார்த்துக்கொண்டே தைப்பவருக்கும் நிம்மதியில்லை.

அடக்குவதற்கு முன்பு, அந்த நேரத்தில் உங்களுக்குள் இருப்பது கோபம்தானா என்று பாருங்கள். உங்கள் தொழிலை அறிந்தவர் எவரும் அதை அச்சம் என்றே சொல்வார். கப்பலுக்குச் சரக்கு தவறினால் விமானத்தில் அனுப்ப நேரும், அந்தச் செலவு கம்பெனியின் தலையில் விழும், அல்லது சரக்கு வாங்கும் பையர் விலையைக் குறைப்பார். அந்த அச்சம் பையரிடமிருந்து, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கும், அவரிடமிருந்து புரொடக்‌ஷன் மேனேஜருக்கும், அங்கிருந்து உங்களுக்கும் இறங்கி வருகிறது. உங்களுக்குக் கீழே இருப்பவர் டெய்லர். அவருக்குக் கீழே யாருமில்லை என்பதால் அத்தனை பேருடைய பயமும் அவர்மீது வந்து கொட்டுகிறது. ‘எனக்குக் கோபம் வருகிறது’ என்பதற்குப் பதிலாக ‘நாளை மேனேஜர் என்னைக் கேட்பாரே என்று பயமாக இருக்கிறது’ என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, முகங்களில் தெரியும் உணர்வுக்குப் பெயர் சொல்லும்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு தணிவதைக் காட்டியது. பெயர் சொல்லிவிட்டால் ஷிப்மென்ட் பிரச்சினை தீர்ந்துவிடாது. ஆனால் யாரிடம் பேச வேண்டும் என்பது தெளிவாகும். அந்தப் பயத்தைக் குறித்துப் பேச வேண்டியது மேனேஜரிடம். ‘இன்றைய டார்கெட்டில் இத்தனை பீஸ் குறையும், இன்னும் இரண்டு மெஷின் தாருங்கள், அல்லது தேதியைப் பற்றி இப்போதே பேசுங்கள்’ என்று அவரிடம் முன்கூட்டியே சொல்வது, மாலையில் லைனில் கத்துவதைவிடக் கடினமான காரியம் என்பது எனக்குத் தெரியும்.

திருவள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும் இடமே இதுதான். ‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்’ என்கிறார். தன் சினம் பலிக்கும் இடத்தில் அதைத் தடுப்பவனே சினத்தைக் காப்பவன், பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். நீங்கள் மேனேஜரிடம் ஒருநாளும் கத்தியதில்லை என்றே நினைக்கிறேன். அப்படியானால் கோபம் ‘என்னையறியாமல்’ வருகிறது என்பது முழு உண்மையாக இருக்க முடியாது. மேலிருப்பவர் முன்னால் உங்களுக்கு இருக்கும் அந்தக் கட்டுப்பாடு டெய்லர் முன்னாலும் உங்களிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் அங்கே இல்லாததால் பயன்படுத்தாமல் இருக்கிறீர்கள். கடுமையாகத் தோன்றினாலும் இதைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை.

அடுத்த முறை பீஸ்கள் தவறாக வரும்போது அவரைத் தனியே அழைத்து, ‘இந்த பண்டிலில் அளவு மாறியிருக்கிறது, எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்ப்போம்’ என்று தொடங்குங்கள். பிழை கட்டிங்கிலிருந்தே வந்திருக்கலாம், மெஷினில் நூல் இழுவை மாறியிருக்கலாம், அல்லது அவருக்கு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட்டில் தைப்பவராக இருந்தால், பிரித்துத் தைக்கும் ஒவ்வொரு பீஸும் அவருடைய கூலியைத் தின்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தவறு நேர்ந்ததில் உங்களைவிட அவருக்கே இழப்பு அதிகம்.

வேலைக்கு வராமல் நின்றுவிட்ட அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள். திட்டியது எல்லோர் முன்னிலையிலும் என்பதால், அவர் திரும்பி வந்தால் வருத்தம் தெரிவிப்பதும் அதே லைனில் மற்றவர் கேட்கும்படி இருக்கட்டும். ‘டென்ஷனில் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே’ என்பது மன்னிப்பாகாது, பொறுப்பை டென்ஷன்மீது ஏற்றுவதாகும். ‘அப்படிப் பேசியது தவறு, இனிப் பேச மாட்டேன்’ என்ற இரண்டு வாக்கியம் போதும்.

கேள்வி: வங்கிக் கவுன்ட்டரில் பணிபுரிகிறேன். காலை முதல் மாலை வரை எத்தனை பேர் சத்தம் போட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளிடம் எரிந்து விழுகிறேன். ‘வெளியில் நல்லவள், வீட்டில் ராட்சசி’ என்கிறார் கணவர். நான் வேடதாரியா?
— வாசகி, திருச்சி

இல்லை அம்மா. நீங்கள் சம்பளப் பட்டியலில் காட்டப்படாத ஒரு வேலையையும் செய்துவிட்டுக் களைத்து வருகிறீர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் எழுதிய நூலில், வாடிக்கையாளருக்காகத் தன் உணர்வை ஒழுங்குசெய்து காட்டுவதும் உழைப்பே என்று நிறுவினார். முகத்தில் மட்டும் புன்னகையைப் பொருத்திக்கொள்வது ஒரு வகை. எதிரில் நிற்பவரின் நிலையை எண்ணிப் பார்த்து உண்மையாகவே இளகுவது இன்னொரு வகை. முதல் வகையே மனிதரை அதிகமாகக் களைப்பூட்டுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. ஓய்வூதியத்துக்காக வெயிலில் பேருந்து மாறி வந்த முதியவர் சத்தம் போடும்போது, அவருடைய சத்தத்துக்குப் பின்னால் இருக்கும் அலைச்சலை ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், அதே பொறுமை சற்று எளிதாக வரக்கூடும். ஆனால் எல்லா வாடிக்கையாளரிடமும் இது சாத்தியமில்லை. வேண்டுமென்றே இழிவாகப் பேசுபவரிடம் இளக வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, அவரை மேலாளரிடம் அனுப்பலாம்.

வீட்டைப் பொறுத்தவரை, அலுவலகத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே உங்களுக்கென்று சிறிது நேரம் வேண்டும். தம்பதியரின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு எகிறிய நிலையில் ஒருவரால் மற்றவர் சொல்வதைக் காதில் வாங்கவே இயலாது என்றும், உடல் பழைய நிலைக்குத் திரும்பக் குறைந்தது 20 நிமிடமாவது தேவை என்றும் சொல்கிறார். அந்த 20 நிமிடம் உங்களுக்கு எங்கே கிடைக்கிறது? பேருந்திலிருந்து இறங்கி, காய் வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டுப்பாட நோட்டு கைக்கு வந்துவிடுகிறது. குழந்தைகளிடம், ‘அம்மா களைத்து வந்திருக்கிறேன், காபி குடித்துவிட்டு வருகிறேன், அதுவரை அப்பாவிடம் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். அதைச் செய்ய வேண்டியவர் உங்கள் கணவர். உங்களுக்குப் பட்டப்பெயர் வைக்கும் நேரத்தில் அவர் குக்கரை ஏற்றியிருந்தால், உங்கள் கடிதத்தின் பாதிக்குத் தேவையே இருந்திருக்காது. இந்தப் பக்கத்தை அவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மூன்றாண்டுகளாக வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அலுவலக அழைப்புகள் வேண்டாம் என்றும், என் வேலையை வேறொருவர் பெயரில் காட்டியது தவறு என்றும் அப்ரைசல் எனப்படும் பணி மதிப்பீட்டில் சொன்னேன். பேசும்போது கண்ணீர் வந்துவிட்டது. ‘உனக்கு எமோஷனல் இன்டெலிஜென்ஸ் போதாது’ என்று எழுதிவிட்டார்கள். எப்படி வளர்த்துக்கொள்வது?
— வாசகி, சென்னை

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதை முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டியவர் உங்கள் மேலாளர். அவர் முன்னால் ஒருவர் அழுதிருக்கிறார். அந்தக் கண்ணீர் என்ன சொல்கிறது என்று கேட்காமல், அதை ஒரு குறையாக எழுதியிருக்கிறார். இந்தக் கருத்து நம் அலுவலகங்களுக்குள் வந்த விதத்தில் எனக்குள்ள மனக்குறை இதுதான்: கீழே இருப்பவரின் முறையீட்டை மூடிவைக்க அது பயன்படுகிறது, மேலே இருப்பவரின் எரிச்சலோ ‘கண்டிப்பு’ என்று பாராட்டப்படுகிறது.

கோபம் எல்லா நேரத்திலும் குறையாகாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், உவகை ஆகியவற்றோடு வெகுளியையும் எட்டில் ஒன்றாக வைக்கிறது. வெகுளி பிறக்கும் இடங்களாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கைச் சொல்கிறது. உடலுக்கு ஊறு, சுற்றத்துக்குக் கேடு, அலைக்கழிப்பு, கொலை என்று அந்த நான்கும் ஒருவருக்கு இழைக்கப்படும் தீங்குகளாகவே இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் உழைப்பு வேறொருவர் பெயரில் போயிருக்கிறது, ஓய்வுநாள் பறிபோயிருக்கிறது. கோபம் வந்தது சரியான இடத்தில்தான்.

அடுத்ததாகச் செய்ய வேண்டியது, அந்தக் கோபத்தை எழுத்தில் நிலைநிறுத்துவது. எந்தப் பணி, எப்போது முடித்தீர்கள், எந்த மின்னஞ்சலில் அது யார் பெயரில் சென்றது, எந்தெந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு அழைத்தார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். ‘எப்போதும் இப்படித்தான்’ என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு மற்ற அனைத்தையும் மறுப்பது எதிர்த்தரப்புக்கு எளிது. பிறகு மனிதவளப் பிரிவிடம் எழுத்துமூலம் கொடுங்கள். பேசும்போது கண்ணீர் வந்தால், ‘எனக்கு இது முக்கியமானது என்பதால் கண்ணீர் வருகிறது, ஆனாலும் சொல்லி முடிக்கிறேன்’ என்று கூறிவிட்டுத் தொடருங்கள். கண்ணீர் நின்றால்தான் பேசலாம் என்று எந்த விதியும் இல்லை.

கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத ஒன்றையும் மற்ற வாசகியருக்காகச் சேர்க்கிறேன். தொந்தரவு பாலியல் தன்மையுடையதாக இருந்தால், பொறுமையும் புரிதலும் அங்கே பேச்சே இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோரிடத்திலும் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்துமூலம் புகார் தர வேண்டும்.

கேள்வி: பிளஸ் டூ தேர்வில் மகன் எதிர்பார்த்த மதிப்பெண் எடுக்கவில்லை, ஒரு பாடத்தில் தவறிவிட்டான். ரிசல்ட் வந்த நாளிலிருந்து அவனுடைய அப்பா அவனிடம் பேசுவதில்லை. அவன் அறைக்குள்ளேயே இருக்கிறான். நான் நடுவில் தவிக்கிறேன்.
— ஒரு தாய், சேலம்

முதலில் அந்த அறைக் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அவனைத் தனியே விட்டுவிட்டு வெளியூர் செல்வதையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். ‘நான் இருந்து என்ன பயன்’ என்பது போன்ற பேச்சு வந்தால் அதை மிரட்டல் என்று எண்ணிவிடாதீர்கள். ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேரடியாகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சொல்ல முடியாமல் தவிப்பவருக்கு அது வழிதிறக்கும். மத்திய அரசின் டெலி-மனஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவியை 104 என்ற எண்ணிலும் அழைக்கலாம். டெலி-மனஸில் தமிழிலேயே பேசலாம், நீங்களும் பேசலாம்.

அப்பாவின் மௌனத்தைப் பற்றி. அவர் கோபத்தில் இருக்கிறார் என்று மகன் நினைக்கிறான். உறவினர் முன்னால் எப்படி முகம் காட்டுவது என்ற வெட்கமும், மகனின் எதிர்காலம் என்னாகுமோ என்ற கவலையும் அவருக்குள் கலந்திருக்கலாம். ஆனால் பேசாத மனிதரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று 17 வயதுப் பிள்ளையால் ஊகிக்க முடியாது. தன்னை வெறுத்துவிட்டார் என்றே அவன் எடுத்துக்கொள்வான். அவர்கள் இருவருக்கும் நடுவே செய்தி சுமப்பவராக நீங்கள் இருக்க வேண்டாம். கணவரிடம், ‘அவனுக்கு அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம், இன்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். நீண்ட உரையாடல் முதல் நாளிலேயே நடந்துவிட வேண்டியதில்லை.

‘பக்கத்து வீட்டுப் பையனைப் பார்’ என்பதும், ‘பரவாயில்லை, மார்க்கில் என்ன இருக்கிறது’ என்பதும் இந்த நேரத்தில் ஒரேபோலத் தவறானவை. முன்னது அவனைச் சிறுமைப்படுத்துகிறது. பின்னது அவனுடைய துக்கத்தைப் பொய்யாக்குகிறது. ‘உனக்கு எவ்வளவு வருத்தம் என்று தெரிகிறது’ என்று சொல்லிவிட்டு அவன் பேசும்வரை காத்திருங்கள். மறுகூட்டலும் துணைத்தேர்வும் இருக்கின்றன. அந்தப் பேச்சை அவன் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு எடுக்கலாம், ஆனால் விண்ணப்பத் தேதி தவறிவிடாமல் பள்ளியில் கேட்டுவைப்பதை நீங்களோ அப்பாவோ இப்போதே செய்துவிடுங்கள்.

கேள்வி: உடன் பணிபுரிபவரின் மகன் விபத்தில் இறந்துவிட்டான். துக்கம் விசாரிக்கப் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். இப்போது அவர் வேலைக்கு வந்திருக்கிறார். அவரைப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது.
— ஆசிரியர், தஞ்சாவூர்

பேசாமல் திரும்பியதில் தவறில்லை. துக்க வீட்டில் கையைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவது நம் வழக்கமே. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊர் கலைந்துவிடுகிறது. இழந்தவருக்குத் துக்கம் முழுதாக உறைப்பது அதன் பிறகுதான். ஆகவே உங்கள் நேரம் தவறிவிடவில்லை.

‘விதி’, ‘கடவுள் சோதிக்கிறார்’, ‘இன்னொரு பிள்ளை இருக்கிறானே’ என்பவற்றைச் சொல்லாதீர்கள். ‘ஏதாவது உதவி வேண்டுமென்றால் கேளுங்கள்’ என்பதும் அவருக்கு ஒரு சுமை. கேட்கும் தெம்பு அவரிடம் இருக்காது. அவருடைய வகுப்புகளில் இரண்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், விடைத்தாள் கட்டில் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள், காப்பீடு, வாரிசுச் சான்றிதழ் போன்ற அலைச்சல்களுக்கு உடன் செல்லுங்கள். இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பதே நல்லது என்று நாம் எண்ணுகிறோம்; பெற்றோர் பலர் அந்தப் பெயரைப் பிறர் வாயால் கேட்க ஏங்குகிறார்கள். அவனை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவனைப் பற்றிய ஏதேனும் ஒன்றைச் சொல்லுங்கள். அவர் அழுதால் அழட்டும், நீங்கள் அங்கேயே இருங்கள்.

கேள்வி: அரசுப் பணியில் கண்டிப்பானவன் என்று பெயரெடுத்து ஓய்வுபெற்றவன் நான். பிள்ளைகள் என்னிடம் மரியாதையாக இருக்கிறார்கள், மனம்விட்டுப் பேசுவதில்லை. இந்த வயதில் இதையெல்லாம் கற்றுக்கொள்ள முடியுமா?
— வாசகர், நாகர்கோவில்

முடியும் ஐயா; இதில் வயது உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. வயது ஏற ஏற மனிதர்கள் எதிர்மறை உணர்வுகளில் குறைவாகச் சிக்கிக்கொள்வதையும், நெருங்கிய சில உறவுகளுக்கே அதிக மதிப்புத் தருவதையும் ஸ்டான்ஃபோர்டின் லாரா கார்ஸ்டன்சன் பல ஆண்டு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்.

பிள்ளைகள் உங்களிடம் ஏதாவது சொல்லத் தொடங்கும்போது, உங்கள் முதல் வாக்கியம் தீர்ப்பாகவோ யோசனையாகவோ இருக்கிறதா என்று கவனியுங்கள். கோப்பில் குறிப்பெழுதி அனுப்பிய பழக்கம் எளிதில் விடாது. மகள் தொலைபேசியில், ‘அப்பா, ஆபீசில் இன்று ஒரே பிரச்சினை’ என்றால், ‘என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். அவள் சொல்லி முடித்ததும், ‘அப்புறம்?’ என்று கேளுங்கள். யோசனை வேண்டுமா என்பதை அவளே சொல்வாள். அழைப்பது பெரும்பாலும் உங்கள் மனைவியின் கைபேசிக்குத்தான் என்றால், இந்த வாரம் நீங்களாகவே அவளை அழையுங்கள்.